ஓடுகிறவனுக்கு எதற்குக் கம்பளி?

1884 ஜனவரி 13-ஆம் தேதி பெங்களூரில் குளிர் 7.8 டிகிரிக்கு இறங்கியது. இந்த ஊர் வெப்பநிலைக்குக் கணக்கு வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அதற்குக் கீழே ஒருநாளும் போனதில்லை. நூற்று நாற்பது வருஷம் தாண்டியும் அந்தச் சாதனை அசையாமல் நிற்கிறது. அதே 1884-இல்தான் இங்கே ‘பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு மில்’ ஆரம்பித்தார்கள். முதலாளிகள் குளிரைப் பார்த்துக் கடை விரித்தார்களா, கடை விரித்ததைப் பார்த்துக் குளிர் ஊரைக் காலி செய்ததா என்று யாராவது டாக்டர் பட்டத்துக்கு ஆராயலாம். இரண்டே வருஷத்தில் மதராஸ் பின்னி கம்பெனி மில்லைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 7.8 டிகிரி திரும்பி வரவே இல்லை. கம்பளி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் மார்கழி, தை மாதக் காலையில் சாதாரணமாகப் பதினைந்து, பதினாறு டிகிரி இருக்கும். கடல்மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே குடியிருப்பதற்குக் கிடைக்கிற சலுகை அது. ஆனால் விடிகாலையில் ஓடக் கிளம்புகிறவரைப் பார்த்தால் சியாச்சினில் டியூட்டி போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். தலையில் குரங்கு குல்லா, கழுத்தில் மஃப்ளர், முழுக்கை ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், கையில் உறை. கீழே மட்டும் ஏனோ அரைக்கால் டிரவுசர். அகரா ஏரி வரைக்கும் இந்த அலங்காரத்தில் போவார். திரும்பி வரும்போது ஜெர்கின் இடுப்பில் முடிச்சு, ஸ்வெட்டர் தோளில், குல்லா கையில் என்று சலவைக்கு மூட்டை தூக்கிப் போகிறவர் மாதிரி வருவார். மறுநாள் காலை மறுபடியும் அதே மூட்டை.

ஓடுகிற உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் சூட்டைக் கிளப்பும். இதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம், பத்து நிமிஷம் ஓடினால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓடுகிறவன் என்ன உடுத்த வேண்டும் என்று சரித்திரம் முழுக்கத் தீர்மானித்தவன் ஓடாமல் நின்றுகொண்டிருந்தவன். அவனுக்குக் குளிரும். தனக்குக் குளிர்கிறது, ஆகவே நாட்டுக்கே குளிர்கிறது என்று அவன் முடிவுகட்டிவிடுவான்.

முதலில் இப்படி இல்லை. பொம்மனஹள்ளிக்குப் பக்கத்திலேயே பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் கிடைத்த, கிட்டத்தட்ட கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டில்தான் ‘பெங்களூரு’ என்ற பேரே முதன்முதலாக எட்டிப்பார்க்கிறது. எதற்கு? ஒரு சண்டைக்கு. பெங்களூருச் சண்டையில் இன்னாருடைய மகன் செத்துப்போனான் என்று செய்தி. ஊரின் முதல் பத்திரிகைச் செய்தியே சாவுச் செய்தி. அந்தக் காலத்து வீரக்கற்களை இந்தப் பக்கம் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வில் இருக்கும், வாள் இருக்கும், மேலே தூக்கிக்கொண்டு போக தேவலோகப் பெண்கள் இருப்பார்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு வீரனைக் காட்டுங்கள் பார்க்கலாம். அன்றைக்கும் மார்கழி இருந்தது. ஓடினார்கள், வியர்த்தது, செத்தார்கள். சளி பிடித்துச் செத்ததாக ஒரு கல்லும் சொல்லவில்லை.

பிறகு ஓடுவதற்கே சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் வந்தது. 1672-இல் மைசூர் ராஜா சிக்கதேவராஜ உடையார் ‘அஞ்செ’ என்ற தபால் ஏற்பாட்டைத் தொடங்கினார். தபால்காரர்கள் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு நிற்கவில்லை. எந்த ஊரில் யார் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் அரண்மனைக் காதில் போட்டார்கள். அந்த நாளைய தபால் ஓட்டக்காரனுடைய சொத்து தோளில் ஒரு பை, கையில் சலங்கை கட்டிய ஒரு ஈட்டி. சலங்கை பாம்பை விரட்ட, ஈட்டி புலியோடு பேச. குளிரோடு பேச ஒன்றும் கிடையாது. மைல் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் குளிர் வந்து என்ன பேசப்போகிறது?

உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் இந்த மண்ணில் ஒரு அருமையான உடுப்பு இருந்தது. குருபர்களின் கம்பளி. தக்காண ஆட்டு மயிரில் நெய்தது, கருப்பு, முரடு, தொட்டால் கை அரிக்கும், நனைந்தால் முழு மந்தையும் வீட்டுக்குள் வந்துவிட்ட வாசனை. அதன் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்தால் கூம்பாக நின்று முதுகு வழியே கெண்டைக்கால் வரை இறங்கும். கன்னடத்தில் கொப்பெ என்பார்கள். சாக்குப்பையில் நாம் போட்டுக்கொள்ளும் கொங்காணியேதான், வசதியான வீட்டுக் கொங்காணி. ஆடு மேய்கிறபோது மேய்ப்பன் அதற்குள் நிற்பான். ஆடு மிரண்டு ஓடினால் கம்பளியை உதறிப் போட்டுவிட்டுத் துரத்துவான். குளிர்கால ஓட்ட உடுப்பு பற்றி இன்றைக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற பாடம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது. ஆட்டுக்காரன் ஃபீஸ் வாங்கவில்லை, அதனால் அது பாடத்திட்டத்தில் சேரவில்லை.

1889-இல் மைசூர் அஞ்செ பிரிட்டிஷ் தபால் இலாகாவுக்குள் கரைந்துபோனது. அப்படியானால் பிரிட்டிஷ்காரர்களுக்குக் குளிர் உடுப்பில் பெரிய அனுபவம் இருந்திருக்க வேண்டுமே என்பீர்கள். இருந்தது. கிரிமியாவில்.

1854-இல் ரஷ்யாவோடு சண்டை போட இங்கிலாந்து கருங்கடல் பக்கம் படையை அனுப்பியது. குளிர் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று யோசனை. ரஷ்யாவில் குளிர் எப்போது வரும் என்பதை நெப்போலியனிடம் கேட்டிருக்கலாம்; அவர் அப்போது உயிரோடு இல்லை. தளபதி ராக்லன் பிரபுவுக்கு வலது கை கிடையாது, வாட்டர்லூவில் போய்விட்டது. பழைய ஞாபகத்தில் எதிரிகளை ‘பிரெஞ்சுக்காரர்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த முறை பக்கத்துக் கூடாரத்தில் நண்பர்களாக இருந்தது அவருக்கு அடிக்கடி மறந்துபோனது. இலகு குதிரைப்படைப் பிரிவின் தலைவர் கார்டிகன் பிரபு இன்னும் ஒரு படி மேல். சிப்பாய்கள் சேற்றில் கிடக்க, அவர் பாலக்லாவா துறைமுகத்தில் தன்னுடைய சொந்த உல்லாசப் படகில் இரவு தங்கினார். இப்பேர்ப்பட்ட இருவரிடையே ஒரு உத்தரவு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அக்டோபர் 25-ஆம் தேதி எந்தப் பீரங்கியைப் பிடிக்கச் சொன்னார்கள் என்பது சரியாகப் புரியாமல் அறுநூற்றுச் சொச்சம் குதிரை வீரர்கள் தவறான பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது நல்லபடியாக முடியவில்லை.

அடுத்த மாதம் குளிர் வந்தது. குளிர்கால உடுப்புகளை ஏற்றிக்கொண்டு வந்த ‘பிரின்ஸ்’ கப்பல் நவம்பர் 14-ஆம் தேதி புயலில் பாறையில் மோதி, பாலக்லாவா வாசலிலேயே மூழ்கியது. மீன்களுக்கு அந்த வருஷம் நல்ல குளிர்காலம். விஷயம் தெரிந்து இங்கிலாந்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கம்பளிக் குல்லா பின்னி அனுப்ப ஆரம்பித்தார்கள். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, முகத்துக்கு மட்டும் ஓட்டை. அதுதான் பாலக்லாவா. நம்முடைய குரங்கு குல்லா.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு குளறுபடிப் போர் உலகத்துக்கு மூன்று உடுப்புகளைக் கொடுத்திருக்கிறது. படகில் தூங்கிய பிரபு பேரில் கார்டிகன் ஸ்வெட்டர், துறைமுகத்தின் பேரில் குல்லா, கை இழந்த தளபதிக்காகத் தைத்ததாகச் சொல்லப்படும் ராக்லன் கை. இன்றைக்கு நல்ல ஓட்ட டி-ஷர்ட் பலவற்றில் தோளில் தையல் இருக்காது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும். கையை வீசும்போது உராயாது. ஒற்றைக் கைக்காரருக்காகப் பிறந்த சட்டைக்கை, இரண்டு கையையும் வீசி ஓடுகிறவருக்குத்தான் சரியாகப் பொருந்தியது. தையல் கூடங்களில் ‘ராக்லன்’ என்று நாளைக்கு நூறு தடவை அந்தப் பேரைச் சொல்கிறார்கள். அவருக்குக் கடைசிவரை நிலைத்த வெற்றி அது ஒன்றுதான்.

பள்ளத்தாக்குக்குள் பாய்ந்த படைப்பிரிவுகளில் ஒன்று பிற்பாடு நான்காம் ஹுஸார்ஸ் ஆயிற்று. 1896-இல் அது வந்து இறங்கிய ஊர் எது தெரியுமா? பெங்களூர். கூடவே வின்ஸ்டன் சர்ச்சில் என்று ஒரு இளைஞர். போலோ ஆடினார், ரோஜாச் செடி வளர்த்தார், பெங்களூர் கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். கிளப் அந்தக் கணக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.

குல்லா மட்டும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. டார்ஜிலிங் போகிற வங்காளிகள் தலையில் ஏறியது. நம் சினிமாவில் திருடன் தலையில் ஏறியது. பிறகு தாத்தாக்களுக்கு வந்தது, அதோடு பேரன்களுக்கும் போட்டுவிட்டார்கள். பொதுவாக நிற்கிறவர், உட்கார்ந்திருக்கிறவர், பதுங்கியிருக்கிறவர் ஆகியோருக்கு ஏற்ற உடுப்பு அது. ஓடுகிறவர் போட்டுக்கொண்டால் அரைக் கிலோமீட்டரில் தலை அவியும்.

கனத்த உடுப்பு ஓட்டத்துக்கு நல்லதே செய்ததில்லை என்று சொன்னால் பாவம். ஒருமுறை செய்தது. 1967 ஏப்ரல் 19, பாஸ்டன் மாரத்தான். பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்பது அன்றைக்குப் பெரியவர்களின் தீர்மானம். ‘கே.வி. ஸ்விட்சர்’ என்று முதலெழுத்து போட்டுப் பதிவு செய்து 261-ஆம் எண் வாங்கிய காத்ரின் ஸ்விட்சருக்கு இருபது வயது. அழகான டிரவுசரும் மேல்சட்டையும் எடுத்துவைத்திருந்தார். காலையில் பார்த்தால் பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. வேறு வழியில்லாமல் தொளதொள சாம்பல் நிற ஸ்வெட்சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டார். சுற்றிலும் ஓடிய எல்லா ஆண்களும் அதே கோலம். யார் ஆண், யார் பெண் என்று பார்த்துப் பிடிக்க வேண்டிய அதிகாரிகளுக்குக் கண்ணெதிரே சாம்பல் மூட்டைகள்தான் ஓடின.

சில மைல் தாண்டித்தான் விஷயம் வெளியே வந்தது. ஓவர்கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு ஆசாமி நடுரோட்டில் நின்று அவர் கையைப் பிடிக்கப் போனார், அகப்பட்டது கையுறை. அடுத்து அதிகாரி ஜாக் செம்பிள் வண்டியிலிருந்து குதித்துத் துரத்தி, எண் அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். ரப்பர் காலணிச் சத்தத்துக்கு நடுவே தோல் ஷூ சரசரவென்று பின்னால் வருவது தனக்குக் கேட்டது என்று ஸ்விட்சர் பிற்பாடு எழுதினார். ஓட வந்தவனுடைய ஷூ அது இல்லையே, தனியாகத் தெரிந்திருக்கிறது. ஸ்விட்சரோடு ஓடிய காதலர் சம்மட்டி எறிகிற வீரர். செம்பிளைத் தோளால் ஒரு இடி இடித்தார். செம்பிள் ஓரமாகப் பறந்தார். ஓவர்கோட்டுக் கட்சி மனம் மாறிப் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள 1972 ஆயிற்று.

அந்த ஸ்வெட்சட்டை பருத்தி. பருத்தியின் குணம் நமக்குத் தெரிந்ததுதான்: தண்ணீரைக் கண்டால் விடாது. வெயிலில் அது புண்ணியம், வியர்வையைக் குடித்துக் குளுமை தரும். குளிரில் அதே குணம் வினை. வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டி, ஓட்டத்தை நிறுத்திய மறு நிமிஷம் முதுகில் ஐஸ் வைக்கும். திருப்பூர் உலகத்துக்கே பருத்திப் பனியன் உடுத்திவிட்ட ஊர், அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பனியில் ஓடுகிறவன் தோலை ஒட்டிப் போடக் கூடாத துணி பருத்தி. அந்த இடத்துக்கு பாலியெஸ்டரோ மெல்லிய மெரினோ கம்பளியோ வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பாலியெஸ்டரும் அங்கே ஓடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1933-இல் நார்வே ராணுவத்தில் ஹென்ரிக் புருன் என்பவர் மீன்வலையை வெட்டி உள்பனியன் தைத்தார். ஓட்டைக்குள் நிற்கிற காற்று சூட்டைக் காக்கும், வியர்வை தேங்காமல் வெளியேறும். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழு வரைக்கும் அந்த ஓட்டைப் பனியன் போனது. நம் ஊரில் வலைப்பனியன் போட்டுக்கொண்டு திண்ணையில் விசிறிக்கொண்டிருந்த மாமாக்கள் எல்லாரும் எவரெஸ்டுக்குத் தயாராகத்தான் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது பொம்மனஹள்ளியின் முக்கியமான பங்குக்கு வருகிறேன். ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும், உள்ளே போகிற சந்துகளிலும் கார்மென்ட்ஸ். வெளிநாட்டுக் குளிருக்கான ஜெர்கின்கள் இந்த ஊர்த் தையல் கூடங்களில்தான் தைக்கப்பட்டுக் கப்பல் ஏறுகின்றன. அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தையல் ஓட்டை வழியே மழை இறங்காதபடி உள்பக்கம் சூட்டில் ஒட்டிய டேப். இருட்டில் கார் விளக்குப் பட்டால் மின்னுகிற பட்டை. ஜிப் தொண்டையில் குத்தாதிருக்க உச்சியில் ஒரு சின்ன மடிப்புக் கூடு. கைநுனியில் கட்டைவிரல் நுழைக்க ஒரு ஓட்டை. பார்க்க டேமேஜ் பீஸ் மாதிரி இருக்கும், அதற்குத்தான் விலையே. உள்ளே துவைக்கிற முறை சொல்லும் லேபிள் ஏழெட்டு பாஷையில் இருக்கும், கன்னடமும் தமிழும் தவிர. அதைத் தைக்கிறவருக்குத் தலைக்கு மேல் மின்விசிறி, எதிரே மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட். மைனஸ் டிகிரிக்காக உட்கார்ந்து வியர்க்க வியர்க்கத் தைக்க வேண்டும்.

2016 ஏப்ரலில் பெங்களூர் 39.2 டிகிரியைத் தொட்டது. இந்த ஊர் பார்த்த அதிகபட்ச வெயில். அதே ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓசூர் ரோட்டுக்கு வந்தார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரைக்கும் தொடக் கூடாது என்று டெல்லியில் ஒரு விதி செய்திருந்தார்கள். முப்பத்தைந்திலேயே முதுகும் கண்ணும் போய்விடுகிற வேலையில் 58 வரைக்கும் யார் உட்கார்ந்திருப்பது? எந்தத் தலைவரும் அழைக்கவில்லை, கொடியும் இல்லை. ஆயிரக்கணக்கில் ரோட்டை அடைத்தார்கள். சில்க் போர்டு சந்திப்பு வழக்கமாகவே நகராது, அன்றைக்கு அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. தடியடி நடந்தது. சேலையிலும் சுடிதாரிலும் ரப்பர் செருப்போடு ஓடினார்கள். மறுநாளே டெல்லி விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த ஊரில் உருப்படியாகப் பலன் கொடுத்த வெளிப்புற ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஜெர்கினே வேண்டாத சரக்கு என்று நான் சொல்லவில்லை. 2018 பாஸ்டன் மாரத்தானில் மூன்று, நான்கு டிகிரிக் குளிர், முகத்தில் அடிக்கிற காற்று, விடாத மழை. பேர்பெற்ற வீரர்கள் வரிசையாகப் பாதியில் நின்றார்கள். பெண்களில் ஜெயித்த டெஸ் லிண்டன் கடைசிவரை மழை ஜெர்கினைக் கழற்றவே இல்லை. ஆண்களில் ஜெயித்தவர் யூகி கவாவுச்சி, அப்போது ஜப்பானில் சைத்தாமா மாகாண அரசு ஊழியர். அந்த ஜனவரி முதல் தேதியே அமெரிக்காவில் மைனஸ் பதினேழில் ஒரு மாரத்தான் ஓடிப் பழகியிருந்தார். அந்தப் பந்தயத்தை முடித்தது அவர் ஒருவர்தான், ஆகவே முதலிடமும் அவருக்கே. லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து ஓடிய குமாஸ்தா. நம் அரசு அலுவலகங்களிலும் லீவு எழுதுகிறார்கள். 2023 பிப்ரவரியில் லடாக்கின் பாங்காங் ஏரியில், உறைந்த தண்ணீருக்கு மேலேயே 75 பேர் 21 கிலோமீட்டர் ஓடினார்கள். அங்கே ஜெர்கின், உறை, குல்லா எல்லாம் நியாயம். காற்றும் ஈரமும் சேர்ந்து அடித்தால் உடுத்துங்கள். வெறும் பதினைந்து டிகிரிக்குப் போர்வையோடு புறப்படாதீர்கள்.

ஓடிப் பழகியவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு டிகிரியோ அதோடு பத்தைக் கூட்டிக்கொண்டு அதற்கு உடுத்த வேண்டும். பதினைந்தும் பத்தும் இருபத்தைந்து, அதாவது சென்னை மார்கழி. சென்னையில் மார்கழிக்கு என்ன போடுவோம்? ஒரு டி-ஷர்ட், டிரவுசர். வீட்டு வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். நடுங்கவில்லையென்றால் கூடுதலாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். விரல் சில்லிட்டால் மெல்லிய உறை, காது வலித்தால் காதை மட்டும் மூட ஒரு பட்டை. முடித்தவுடன் ஈரச் சட்டையை மாற்றிவிட வேண்டும், டீக்கடையில் அரசியல் பேசுவதற்கு முன்னால்.

இதையெல்லாம் சொல்லி ஒரு நண்பரை பொம்மனஹள்ளி எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனேன், மெல்லிய டி-ஷர்ட் வாங்க. கடைப் பையன் தர்மபுரிப் பக்கம். நண்பர் முகத்தைப் பார்த்ததுமே ஊதிப்போன ஒரு ஜெர்கினை எடுத்துப் போட்டான்.

“அண்ணா, இத பாருங்க. மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும்.”

“தம்பி, இங்க மைனஸ் பத்து எப்பப்பா வருது? நாங்க காலைல ஓடறதுக்குக் கேக்கறோம்.”

“ஓடறதுக்கு எதுக்குண்ணா ஜெர்கின், வேத்துக் கொட்டும்.” அவன் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக் காட்டினான். “பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்கல்ல? ஏசி பஸ்ல போட்டுக்குங்க.”

நண்பர் இரண்டு எடுத்துக்கொண்டார்.